கணக்கீடு

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்கு
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு.
பக்கவாட்டில் ஒரு முடுக்கு,
இரண்டு சுவருக்கும் மேலே கோடு கிழித்ததுபோல் வானம்.
மீட்டர் இருப்பது பின்கட்டில்.

இருபத்தேழு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீடு.
ஒரு புள்ளியும் ஊரில் இல்லை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவேன்,
நாலு யூனிட், ஐந்து யூனிட் என்று பதிந்துவிட்டு வருவேன்.
அதுவும் காவலுக்கு இருக்கிற அடைக்கலம்
செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியது.

அன்றைக்கு அவருக்கு டீக்கடை அவசரம்.
பின்கட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.
ஒரு சாணுக்கு மேல் நீளம், இரும்பு.
"பாத்தும்மா, கால்ல போட்டுக்காத."

முடுக்கில் பாதி தாண்டியிருப்பேன்.
பின்னால் ஒரு செருப்புச் சத்தம் நின்றது.
நடக்கிற சத்தத்துக்கு யாரும் திரும்புவதில்லை.
நிற்கிற சத்தம் வேறு.

சங்கிலியைக் கழட்டு என்றான்.
கவரிங். செக்காலையில் முந்நூற்றைம்பது ரூபாய்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கேட்டது சங்கிலி,
பிடித்தது கழுத்து.

பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வது
அவ்வளவு சரியில்லை.
தாடை தானாக நெஞ்சில் போய் ஒட்டியது.
குதிகால் அவன் விரல்களைத் தேடி மிதித்தது.
பல்லுக்கு மணிக்கட்டு கிடைத்தது, சிமெண்ட் ருசி.
எங்கேயோ கொத்து வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.
கத்தினேன்.
இந்தச் சுவரில் முட்டி, அந்தச் சுவரில் முட்டி
என்னிடமே வந்தது.
முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய சுவராம்,
தடவிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்.
ஒரு சொல்லையும் அது உள்ளே விடவில்லை.

முதல் அடி முழங்கையில். பிடி விட்டது.
இரண்டாவது கால்முட்டியில். உட்கார்ந்தான்.

ஸ்டேஷனில் எழுத்தர்
என் கழுத்தைப் பார்க்காமல் கேட்டார்:
"கவரிங்தானே, குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"
எதால அடிச்ச?
சாவியால.
கனமான இரும்பு ஆயுதம் என்று எழுதினார்.
எத்தனை அடி?
ரெண்டு.
"அதுவரைக்கும் தற்காப்பு," பேனாவை மூடினார்,
"விழுந்தவனை அடிச்சா வேற பிரிவு."

முன் அளவு, இந்நாள் அளவு,
கழித்தால் வருவது உபயோகம்.
பதினொரு வருஷத்தில்
எனக்குக் கழித்தல் தப்பியதில்லை.

உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்து
"அக்கா" என்றான்.
மீசை சரியாக முளைக்கவில்லை.
முன்தெரு முப்பது எட்டுதான்,
ஓடியிருக்கலாம், வழி இருந்தது.
மூன்றாவது அடி
அதற்குப் பிறகு.

எதற்கு என்று கேட்டுப் பார்க்கிறேன்.
எழுந்து வந்துவிடுவான் என்று ஒரு நாள் பதில் வரும்.
இன்னொரு நாள்
காரைக்குடி டவுன் பஸ்ஸில்
எப்போதோ முதுகுக்குப் பின்னால் நின்றவனின் மூச்சு
பதிலாக வரும்.
சில நாள் ஒன்றும் வராது. சோறு பிசையும்போது
கை கனக்கும், அவ்வளவுதான்.

சாவி இப்போது கோர்ட்டில்,
அட்டை கட்டி, அரக்கு முத்திரையோடு.
கோலாலம்பூரிலிருந்து ஒரு புள்ளி
அடைக்கலத்தைப் போனில் திட்டுகிறார்,
யாரைக் கேட்டு அவளிடம் கொடுத்தாய் என்று.

மறு முறை வந்தது. போனேன்.
கதவு வரை போய், தொட்டுப் பார்த்து,
'கதவு பூட்டு' என்று பதிந்து திரும்பினேன்.

திரும்பும் வழியில், பாதி முடுக்கில்,
என் செருப்புச் சத்தம்
நின்றதைக் கேட்டேன்.